ரஞ்சிதம் அக்காவின் தகரப்பெட்டியும் நாங்கள் கொடுக்காத வீடும்

செய்தி ஒரு செவ்வாய்க்கிழமை காலை, நான் ட்ராமுக்குக் காத்து நின்றபோது வந்தது. எங்கள் சங்கத்தின் கைபேசிக் குழுவில் ஒரு படம். நடுவில் அக்காவின் முகம், சுற்றிவரப் பூவும் குத்துவிளக்கும். கீழே வழக்கமான வாசகம்: "யாழ்ப்பாணத்தைப் பிறப்பிடமாகவும் டுசல்டோர்ஃபை வதிவிடமாகவும் கொண்ட திருமதி மனோரஞ்சிதம் அவர்கள் இறைவனடி சேர்ந்தார்." ட்ராம் வந்து போனது. நான் ஏறவில்லை. அக்கா இனி இல்லை என்பதை மனம் வாங்கிக்கொள்ள முன்னமே, அதை அனுப்பியவர் யார் என்று கண் பார்த்துவிட்டது. சங்கத் தலைவர் பரமநாதர்.

வதிவிடமாம்! மூட்டு தேய்ந்து மூன்று மாடி ஏற முடியாமல் தவித்த ஒரு மனுசிக்குத் தன் வீட்டுக் கீழ்த்தளத்தை வாடகைக்குக் கொடுக்க மாட்டேன் என்றவர், அந்தச் சொல்லைப் பூ வைத்து அலங்கரித்து அனுப்பியிருக்கிறார். அவருக்குக் கை கூசவில்லை. கூசியிருக்க வேண்டிய இன்னொரு கை என்னுடையது. அதையும் இந்தக் கட்டுரையில் சொல்லத்தான் போகிறேன்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிச் சடங்குக்கு வெளியிடும் நினைவு மலருக்கு இரண்டு பக்கம் எழுதித் தரும்படி பரமநாதரே என்னைக் கேட்டார். நான் அக்காவோடு கூட வேலை செய்தவன் என்பதால் பொருத்தமாக இருக்குமாம். "அமைதியே உருவானவ, அடக்கமானவ எண்டு போடும் ஐசே" என்று குறிப்பும் தந்தார். அக்காவை அறிந்தவர்களே, நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள், ரஞ்சிதம் அக்கா எப்போது அடக்கமாக இருந்தார்? வாய் திறந்தால் கத்தரிக்கோல். அவரை அடக்கமானவர் என்று எழுதுவது இரண்டாம் முறை பாடையில் ஏற்றுவதற்குச் சமம்.

நானும் அக்காவும் இங்கே ஜெர்மன் பல்கலைக்கழகம் ஒன்றில் ஆங்கிலத் துறைக் கட்டடத்தைத் துப்புரவாக்கும் குழுவில் ஒன்பது வருடம் வேலை செய்தோம். விடிய ஐந்தரைக்குத் தொடங்கி, மாணவர்கள் வர முன்னம் முடித்துவிட வேண்டும். கழிப்பறைகள் எனக்கு, வகுப்பறைகள் அக்காவுக்கு. ஊரில் ஆங்கிலம் படிப்பித்தவர் இங்கே ஆங்கிலத் துறையின் தரையைக் கூட்டினார். இதை நான் ஒரு நாள் பெரிய சோகம்போலச் சொல்ல, "தரை எந்தத் துறையெண்டாலும் தரைதான், நீர் உம்மட வாளியைப் பாரும்" என்று முடித்துவிட்டார்.

முதல் வாரத்திலேயே அவருடைய வேலைமுறை எனக்கு எரிச்சலைத் தந்தது. வகுப்பறைக் கரும்பலகையை எடுத்த எடுப்பில் துடைக்க மாட்டார். முதலில் நின்று படிப்பார். பிறகு வேலை அட்டவணைத் தாளின் பின்புறத்தில் சில சொற்களை எழுதிக்கொள்வார். அதன் பிறகுதான் ஈரத்துணி. அங்கே ஒரு கிழட்டுப் பேராசிரியர் ஆயிரம் வருடத்துக்கு முந்திய ஆங்கிலத்தைப் படிப்பித்துக்கொண்டிருந்தார். அவர் எழுதி விட்டுப்போன சொற்கள் அவை. அக்கா எல்லாவற்றையும் எழுதவில்லை. வீடு, குடிசை, மண்டபம், வேலி, யன்னல் ஆகியவற்றுக்கான பழைய சொற்களை மட்டும் எழுதினார். ஏனென்று கேட்டேன். "மற்றச் சொல்லுகள் எனக்கு என்னத்துக்குத் தம்பி? நான் இந்த நாட்டுக்கு வந்த நாளில இருந்து வீடு தேடுற ஆள்" என்றார்.

ஒரு நாள் பேராசிரியர் வழக்கத்துக்கு முன்பே வந்து, அக்கா ஒரு கையில் துணியோடும் மறு கையில் பேனையோடும் நிற்பதைக் கண்டுவிட்டார். அவர் அதிகம் பேசும் மனிதர் அல்ல. ஆனால் அதற்குப் பிறகு வெள்ளிக்கிழமைகளில் பலகையின் மூலையில் ஒரு கோடு போட்டுப் பிரித்து, அதற்குள் ஒரே ஒரு வீட்டுச் சொல்லும் அதன் வரலாறும் எழுதப்பட்டிருக்கும். மாணவர்களுக்கு அது எதற்கென்று தெரியாது. அக்கா அதை எழுதி எடுத்து, ஒரு பழைய பிஸ்கட் தகரப்பெட்டியில் அட்டை அட்டையாகச் சேர்த்தார். அந்த மூலையைத் துடைக்கும்போது மட்டும் மெதுவாகத் துடைப்பார்.

அந்த அட்டைகளில் இருந்ததைத் தேநீர் இடைவேளையில் எனக்குச் சொல்லுவார். நான் முதலில் பொறுத்துக்கொண்டேன். பிறகு காத்திருக்கத் தொடங்கினேன். ‘ஹாம்’ என்ற பழைய ஆங்கிலச் சொல்லுக்கு வெறும் வீடு என்பதல்ல, மனிதர் தங்கிக் கிடக்கும் ஊர் என்பதும் பொருள். அதுவே ஜெர்மனில் ‘ஹைம்’. எங்களை முதலில் கொண்டுபோய் ஒரு அறைக்கு ஆறு பேராக அடைத்தார்களே, அந்த அகதி முகாமின் பெயரிலும் அதே ‘ஹைம்’ இருந்தது. ‘தூன்’ என்றால் முதலில் வேலி. பிறகு வேலிக்குள் இருக்கும் வளவு. அதற்கும் பிறகு நகரம். ஆங்கிலேயனின் வேலி நகரமாகிவிட்டது, ஜெர்மனில் அந்தச் சொல் இன்றைக்கும் வேலியாகவே நிற்கிறது. "எங்கட ஆக்களுக்கும் அப்படித்தான், வேலியை விட்டு வெளியில வரேல்லை" என்று சொல்லி அக்கா தேநீர்க் கோப்பைக்குள் சிரித்தார். அப்போது நானும் சேர்ந்து சிரித்தேன்.

அவருக்கு மிகவும் பிடித்தது யன்னல். பழைய ஆங்கிலத்தில் அதற்குக் கண்துளை என்று பெயர். பிறகு வடக்கே இருந்து படகில் வந்தவர்கள் காற்றின் கண் என்ற தங்கள் சொல்லைக் கொண்டுவந்து கொடுத்தார்கள், அதுதான் இன்றைய ஆங்கிலத்தில் நிற்கிறது. எங்கள் பழந்தமிழிலோ காலதர், அதாவது காற்று வரும் வழி. "அவையள் காற்றுக்குக் கண் வைச்சவை, நாங்கள் வழி வைச்சனாங்கள். ஆரும் ஆரையும் பார்த்து எழுதேல்லை" என்று சொன்னபோது அவருடைய முகத்தில் இருந்த சந்தோசத்தை நான் வேறு எவர் முகத்திலும், பிள்ளை வைத்தியரான பெற்றோரின் முகங்களில்கூட, கண்டதில்லை.

பரமநாதரோடு அவருக்கு நேர்ந்த மோதலை உங்களில் பலர் நேரில் கண்டீர்கள். சங்கத்தின் பொங்கல் விழா. பரமநாதர் ஒலிவாங்கியைப் பிடித்துத் தமிழே உலகத்தின் தாய் என்று முழங்கிக்கொண்டிருந்தார். ஆங்கிலத்தில் குடிசைக்கு இருக்கும் ‘கொட்’ என்ற சொல் எங்கள் கொட்டிலில் இருந்து போனது என்றார். கைதட்டல். அக்கா மூன்றாம் வரிசையில் எழுந்து நின்றார். "அண்ணை, படுக்கிற கொட் எங்கட கட்டிலில இருந்து போயிருக்கலாம். வீட்டுக் கொட் வேறை, அது அவையின்ர சொந்தச் சொல். சத்தம் ஒண்டா இருந்தாச் சொந்தமாகாது." மண்டபம் சிரித்தது. பரமநாதரும் சிரித்தார், பல்லால் மட்டும்.

அந்தச் சொல்லின் அட்டையில் இன்னொரு செய்தியும் இருந்தது. அதை அவர் சபையில் சொல்லவில்லை, எனக்குச் சொன்னார். அந்தக் காலத்து இங்கிலாந்தில் கொட்டிலில் இருந்தவனுக்குச் சொந்தக் காணி பெரிதாக இல்லை. திங்கட்கிழமைதோறும் பிரபுவின் நிலத்தில் சம்பளமில்லாமல் வேலை செய்து கொடுக்க வேண்டும். எங்கள் ஊரில் குடிமை என்று சொல்வார்களே, அதுதான். இந்த நாட்டிலும் அப்படி இருந்தவர்களுக்கு ‘கொட்டர்’ என்று பெயர். அக்காவுக்குப் பல்லுப் பிடுங்கிய வைத்தியரின் குடும்பப் பெயரே அதுதான். "பாரும் தம்பி, கொட்டிலில இருந்தவன்ர பேர் இண்டைக்குப் பல் டொக்டரின்ர வாசலில பித்தளையில மினுங்குது. அவர் அதை மறைக்கேல்லை. வாற ஆக்களும் எவடம் எண்டு கேட்கேல்லை" என்றார்.

எவடம். இந்தச் சொல்லை யாழ்ப்பாணத்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். புதிதாக ஒருவரைக் கண்டால் எங்கள் சனம் முதலில் கேட்பது ஊரில எந்த இடம் என்று. ஊரைச் சொன்னால் எந்தக் கோயிலடி என்று வரும். கோயிலைச் சொன்னால் வடக்கு வீதியோ தெற்கு வீதியோ, எந்த ஒழுங்கை, ஆரின்ர வளவுக்குக் கிட்ட. நாலு கேள்வியில் சாதி கைக்கு வந்துவிடும். சாதி என்ற சொல் வாயில் வரவே வராது. அவ்வளவு நாகரிகமான சனம்! இந்த நாட்டில் நாற்பது வருடம் குப்பை கொட்டினோம், பாஸ்போர்ட்டை மாற்றினோம், இந்தத் துருவித் துருவிப் பூராயம் விசாரிக்கும் வாயை மட்டும் கழுவவில்லை.

ஹனோவரில் ஒரு கல்யாணத்துக்கு என் காரில் ஒன்றாகப் போனோம். வழியெல்லாம் வீதிப் பலகைகளை அக்கா வாசித்துக்கொண்டு வந்தார். டோர்ஃப், ஹைம், ஹவுசன், ப்யூட்டல் என்று முடியும் ஊர்கள். எல்லாம் பழைய ஆங்கிலத்துக்கும் உறவான குடியிருப்புச் சொற்களாம். "ரோட்டு முழுக்க வீடு எழுதி வைச்சிருக்கிறாங்கள், எனக்கு ஒரு கீழ்வீடு கிடைக்குதில்லை" என்றார். மண்டபத்தில் சாப்பாட்டு மேசையில் ஒரு பெண்மணி, பட்டுச்சேலை, கழுத்து நிறைய நகை, எவடம் என்று ஆரம்பித்தார். அக்கா டுசல்டோர்ஃப் என்றார். அதில்லை, ஊரில என்றார் அவர். "ஊரில வீடு. கிழக்குப் பார்த்த வாசல்" என்றார் அக்கா. அந்தப் பெண்மணி நாலு பக்கமும் முட்டிப் பார்த்துவிட்டு வடையோடு போய்விட்டார். திரும்பும் வழியில் நான் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தேன். எனக்கு அது பகிடியாக இருந்தது. எனக்கு அந்தக் கேள்வி ஒருநாளும் வலித்ததில்லை, அதனால் பகிடி.

இனி வீட்டு விசயம். கணவர் போன பிறகு அக்கா மூன்றாம் மாடியில் தனியாக இருந்தார். லிஃப்ட் இல்லை. முழங்கால் இரண்டும் கெட்டு, கடைக்குப் போய் வந்தால் ஒவ்வொரு மாடியிலும் படியில் குந்தியிருந்து ஏறுவார். பரமநாதருக்கு மூன்று தள வீடு ஒன்று உண்டு. அதன் கீழ்த்தளம் காலியானது. பக்கத்திலேயே கடை, மருந்தகம், ட்ராம். அக்கா கேட்க மாட்டார் என்று தெரிந்து நானே போய்க் கேட்டேன். பரமநாதர் உடனே ஓம் என்றார், நல்ல மனுசி, படிச்ச மனுசி என்றார். தேநீர் தந்தார். நான் சப்பாத்தைப் போடும்போது, வாசலில் வைத்து, குரலைத் தாழ்த்தி, "எதுக்கும் அவ எவடம் எண்டு ஒருக்கா விசாரிச்சுச் சொல்லும் ஐசே. வீட்டுக்காரி கேட்பா" என்றார்.

நான் என்ன சொல்லியிருக்க வேண்டும் என்று உங்களுக்குத் தெரியும், எனக்கும் தெரியும். நான் சொன்னது "ஓம் அண்ணை" என்பது. எந்த நோக்கத்துக்குக் கேட்கிறார் என்று தெரிந்துகொண்டே, லண்டனில் இருக்கும் என் மச்சாளுக்குப் போன் எடுத்தேன். அவர் ஊர் வம்பு விடுப்பெல்லாம் விரல் நுனியில் வைத்திருப்பவர். அக்காவின் கணவர் பெயர், படிப்பித்த பள்ளிக்கூடம், இரண்டையும் சொன்னேன். பத்து நிமிடத்தில் ஊர், கோயிலடி, ஒழுங்கை எல்லாம் வந்துவிட்டது. அதை அப்படியே பரமநாதரிடம் ஒப்பித்தேன். ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை. அந்த நேரத்தில் எனக்குள் அக்காவைவிடத் தகவல் கிடைத்த திருப்திதான் பெரிதாக இருந்தது. தூ, என்ன பிறவி நான்!

இரண்டு நாளில், அந்த வீட்டை மனைவியின் சொந்தக்காரர் ஒருவருக்குச் சொல்லிவிட்டாராம், மறந்துபோனாராம் என்று பதில் வந்தது. சொந்தக்காரர் ஒருவரும் வரவில்லை. நாயோடு ஒரு ஜெர்மன் சோடி குடிவந்தது. நாய்க்கு எவடம் என்று பரமநாதர் கேட்டதாகத் தெரியவில்லை. அக்காவிடம் நான் போய் அந்த மறந்துபோன கதையையே சொன்னேன். அவர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தேத்தண்ணிக்குச் சீனி போடட்டோ என்று கேட்டார். அதற்குப் பிறகு இரண்டு குளிர்காலம் அந்தப் படிகளில் ஏறி இறங்கினார்.

கடைசியாக அவரை மருத்துவமனையில் பார்த்தேன். இதயம் பலவீனம், மூச்சு வாங்கியது. தகரப்பெட்டி கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்தது. ஒரு அட்டையை எடுத்துத் தந்தார். அயலவன் என்பதற்கான பழைய ஆங்கிலச் சொல் அதில் இருந்தது: கிட்டக் குடியிருப்பவன் என்று பொருள். குடியிருத்தல் என்ற பாதியும் ஜெர்மன்காரர் பறவைக் கூண்டுக்கு வைத்திருக்கும் பெயரும் ஒரே வேரில் இருந்து வந்தவை என்று விளக்கினார். நான் அட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கையில் குரல் மாறாமல் சொன்னார்: "லண்டனில இருந்து உம்மட மச்சாள் எனக்கும் போன் எடுத்தவ தம்பி. நீர் விசாரிச்சதெண்டு சொன்னவ."

நான் மன்னிப்புக் கேட்கவில்லை. அவர் அட்டையைத் திருப்பி வாங்கிப் பெட்டிக்குள் அதன் இடத்தில் வைத்தார்.

"ஊரெல்லாம் கேட்டனீர். என்னட்டையே கேட்டிருக்கலாம். உமக்குச் சொல்லியிருப்பன்."

கோபமாகச் சொல்லியிருந்தால் தாங்கியிருப்பேன். அவர் கோபமாகச் சொல்லவில்லை. அதற்கு மேல் அந்தக் கதையை எடுக்கவும் இல்லை. மகள் வரும் நேரம் என்று என்னை அனுப்பிவிட்டார்.

செத்தவீட்டில் என்ன நடந்தது என்று வந்தவர்களுக்குத் தெரியும். பரமநாதர் கறுப்புக் கோட்டோடு முன்னுக்கு வந்து, "ரஞ்சிதம் எங்கட குடும்பத்தில ஒருத்தி" என்று தழுதழுத்தார். கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். ஆடு நனைகிறதென்று ஓநாய் அழுத கதை என்பார்கள், அந்த ஓநாயாவது இப்படிக் கோட்டுப் போட்டிருக்காது. அந்தச் சவப்பெட்டிக்குள் படுத்திருந்த மனுசி எழும்பி, மூன்றாம் வரிசையில் நின்றதுபோல நின்று, சத்தம் ஒண்டா இருந்தாச் சொந்தமாகாது என்று சொல்ல மாட்டாரா என்று இருந்தது. நான் எழும்பிச் சொல்லவில்லை. எனக்கு முன்னால் இருந்தவர்களின் பிடரிகளைப் பார்த்துக்கொண்டு இருந்தேன்.

அதற்கு அடுத்த கிழமை அக்காவின் மகள் அனுசா என்னை அந்த மூன்றாம் மாடி வீட்டுக்குக் கூப்பிட்டாள். இங்கே பிறந்து இங்கே வளர்ந்த பிள்ளை, டோர்ட்முண்டில் வேலை. சாமான்களைப் பெட்டிகளில் அடுக்கிக்கொண்டிருந்தாள். தகரப்பெட்டி மடியில் இருந்தது. நினைவு மலரின் முதல் பக்கத்தைக் காட்டினாள். பிறப்பிடம் யாழ்ப்பாணம் என்றிருந்தது. அதை அப்படியே விடும்படியும், அதுதான் அம்மாவுக்கு மரியாதை என்றும் பரமநாதர் சொல்லியிருக்கிறார். "அது டவுன்தானே மாமா. அம்மா பிறந்த வீடு எங்க இருந்தது? நான் சின்னனில இருந்து கேட்டனான், ஒரு நாளும் சொல்லேல்லை. இங்கத்தைப் பத்திரங்களிலயும் இல்லை. உங்களுக்குத் தெரியுமோ?"

தெரியும். அவளைப் பெற்ற தாய் அவளைக் காப்பாற்றுவதற்காக அவளுக்கே சொல்லாமல் வைத்திருந்ததை, அந்தத் தாய்க்கு ஒரு வீடு கிடைக்காமல் செய்வதற்காகத் தேடி எடுத்தவன் நான். ஊர், கோயில், ஒழுங்கை, வளவு எல்லாம் என்னிடம் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டுப் படியிறங்கியிருக்கலாம். அப்படிச் சொன்னால் அந்தப் பிள்ளைக்கு அது என்றைக்கும் கிடைக்காது. சொன்னேன். உங்களுக்கு எப்படித் தெரியும், அம்மா உங்களுக்குச் சொன்னவவோ என்று அவள் சந்தோசமாகக் கேட்டாள். அந்தச் சந்தோசத்தைப் பார்த்துக்கொண்டே மற்றதையும் சொன்னேன். பரமநாதர் வாசலில் கேட்டது, லண்டன் போன், நாயோடு வந்த சோடி, மருத்துவமனையில் அக்கா சொன்னது, எல்லாம்.

அவள் தகரப்பெட்டியில் இருந்து ஒரு வெற்று அட்டையை எடுத்து, பேனையோடு என் பக்கம் தள்ளினாள். ஊரின் பெயரையும் ஒழுங்கையின் பெயரையும் தமிழில் எழுதச் சொன்னாள். எழுதினேன். அதை வாங்கி, தாயின் வீட்டுச் சொற்களுக்கு நடுவில் வைத்து மூடியை அமத்தினாள். வாசலில் நான் சப்பாத்துப் போடும்போது, "நீங்கள் எழுதித் தாறதெண்டு சொன்னனீங்கள்தானே. இதை எழுதுங்கோ மாமா. நீங்கள் செய்ததையும் எழுதுங்கோ" என்றாள்.

எழுதிவிட்டேன். பரமநாதர் இதை மலரில் சேர்க்க மாட்டார். பரவாயில்லை, நகலெடுத்து வைத்திருக்கிறேன், அந்தியேட்டி மண்டப வாசலில் நின்று என் கையால் கொடுப்பேன். இதை வாசிக்கும் உங்களில் பாதிப் பேர் அந்த ஊர் எது என்று கடைசிப் பக்கத்தில் தேடுவீர்கள் என்று எனக்குத் தெரியும். இங்கே இல்லை. அது அவருடைய மகளின் பெட்டிக்குள் இருக்கிறது, உங்களுக்கு அங்கே வேலை இல்லை.

ரஞ்சிதம் அக்காவிடமிருந்து எனக்கென்று மிஞ்சியது ஒரே ஒரு வசனம். என்னட்டையே கேட்டிருக்கலாம். காலையில் பல் விளக்கும்போது அது வருகிறது. எத்தனை தரம் கொப்பளித்தாலும் அந்தப் போனில் நான் கேட்ட கேள்வி வாயில் நாறுகிறது. நாறட்டும் அக்கா.